மாஸ்டரின் மூக்கும் மரக்காளானும்

தொழிற்சாலை கேன்டீனில் அவரை மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். மேனேஜரும் மாஸ்டர் என்பார், வாசலில் நிற்கிற காவலாளியும் மாஸ்டர் என்பார். சொந்தப் பெயரில் யாராவது அழைத்தால் அவரே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார்.

அந்தப் பட்டம் சும்மா வந்ததில்லை. மூக்கால் வந்தது. அடுத்த அறையில் உட்கார்ந்து காய்கறிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டே, "ஏய், வெங்காயத்தை இறக்குடா, இன்னும் கொஞ்சம் விட்டா கருகும்" என்று குரல் கொடுப்பார். ஓடிப்போய்ப் பார்த்தால் வெங்காயம் சரியாகப் பொன்னிறத்தின் விளிம்பில் நிற்கும். பால் கேனின் மூடியைத் திறந்ததுமே, "இது நேத்துப் பால். திருப்பி அனுப்பு" என்பார். பால்காரன் சத்தியம் பண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு போவான்.

அவருடைய மனைவி நகரப் பேருந்தில் கண்டக்டர். நல்ல வாட்டசாட்டம், வெண்கலக் குரல். பின்வாசலில் நின்று விசில் ஊதினால் முன்சக்கரம் நிற்கும் என்று டிப்போவில் சொல்வார்கள். வீட்டிலும் மாஸ்டர் அவளைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார். ஒரே மகள் வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு விடுதியில் இருந்தாள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாஸ்டருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல்கூட இல்லை. நான்கைந்து நாள் படுத்தார், எழுந்தார். எழுந்து கேன்டீனுக்குள் காலை வைத்தபோது ஏதோ தப்பாக இருந்தது. அடுப்பு எரிந்தது, அண்டா கொதித்தது, பூண்டு வதங்கியது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சமைப்பதுபோல இருந்தது. பூண்டை எடுத்து நசுக்கி மூக்கிலேயே வைத்துக்கொண்டார். ஒன்றுமில்லை. நாக்கில் வைத்தால் சுருக்கென்றது, அவ்வளவுதான். உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் மட்டும் தெரிந்தன. மற்றதெல்லாம் துடைத்து எடுத்ததுபோல் போய்விட்டது.

சளி இறங்கினால் சரியாகிவிடும் என்று இருந்தார். சளி இறங்கியது, மூக்கு வரவில்லை.

ஒரு நாள் பால் அடிப்பிடித்தது. அண்டாவுக்குப் பக்கத்திலேயே நின்றவருக்குத் தெரியவில்லை. தீய்ந்த பாலில் தேநீர் போட்டு முழு ஷிஃப்டுக்கும் போய்விட்டது. மாஸ்டர் கையாலா என்று யாரும் நம்பவில்லை. பால்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டு அவர்களே சமாதானமானார்கள். மாஸ்டருக்குத்தான் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அதைவிட மோசமானது அதற்கப்புறம் நடந்தது. காலையில் அடுப்பைப் பற்றவைக்க லைட்டரை எடுத்திருந்தார். அவருக்கு அடுத்தபடியாக இருந்தவன் பாய்ந்து வந்து கையைப் பிடித்தான். அவனைச் சின்ன மாஸ்டர் என்பார்கள்.

"மாஸ்டர்! கேஸ் லீக் ஆகுது! உங்களுக்குத் தெரியலையா?"

ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு இருவரும் வெளியே வந்து நின்றார்கள். மாஸ்டர் லைட்டரை இன்னும் கையிலேயே வைத்திருந்தார். சின்ன மாஸ்டர் அவர் முகத்தையே பார்த்தான். கெட்டிக்காரன், புரிந்துகொண்டான்.

"எத்தனை நாளா மாஸ்டர்?"

"காய்ச்சல்லேருந்து. யார்கிட்டயும் சொல்லிடாதப்பா."

அன்றைக்கே மாஸ்டர் மேனேஜரிடம் போய், முழங்கால் வலி, அடுப்படியில் நிற்க முடியவில்லை, ஸ்டோர் ரூமுக்கு மாற்றிக்கொடுங்கள் என்று கேட்டார். மேனேஜர் வருத்தப்பட்டுக்கொண்டே மாற்றினார். அந்த இடத்துக்குச் சின்ன மாஸ்டர் வந்தான்.

முழங்கால் என்று ஏன் வாயில் வந்தது என்று அவருக்கே தெரியாது. ஆனால் மேனேஜரிடம் சொன்ன பொய்யை வீட்டிலும் சொல்லவேண்டியதாயிற்று. சமையல்காரனுக்கு மூக்கு போச்சு என்றால் ஊர் சிரிக்கும், மனைவியும் உள்ளுக்குள் இரக்கப்படுவாள். இரண்டும் வேண்டாம் என்று நினைத்தார். கண்டக்டரம்மா அதை அப்படியே நம்பினாள். எங்கிருந்தோ ஒரு எண்ணெய் வாங்கிவந்து, நாளெல்லாம் பஸ்ஸில் நின்ற களைப்போடு, சாயங்காலம் அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தேய்த்தாள். "இங்க வலிக்குதா? இங்க?" என்று அவள் அமுக்கும்போதெல்லாம் மாஸ்டர் இடத்தை மாற்றாமல் இருக்கப் பாடுபட்டார். முந்தாநாள் வலது கால், நேற்று இடது கால் என்று ஆகிவிடக்கூடாதே.

வீட்டில் இன்னொரு மாற்றமும் நடந்தது. அதற்கு முன்பெல்லாம் அவள் எதைச் சமைத்தாலும் முதல் வாயிலேயே நொட்டை சொல்வார். இப்போது எதைப் போட்டாலும், "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று தட்டைக் காலி பண்ணினார். ஒரு நாள் கெட்டுப்போன சூப்பைத் தெரியாமல் சூடுபண்ணி வைத்துவிட்டாள். தானே ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு ஓடிவந்து பார்த்தால், அவர் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்கு. லேசா புளிப்பு. எலுமிச்சம்பழமா?"

அவள் மகளுக்குப் போன் போட்டாள். "உங்கப்பா திருந்திட்டார்டி. எனக்குப் பயமா இருக்கு."

ஸ்டோர் ரூம் வேலை கஷ்டமில்லை. மூட்டைகள் வரும், போகும். மதியத்துக்கு மேல் கேட்பாரில்லை. பின்கதவைத் திறந்தால் ஒரு திறந்தவெளி, அதற்கப்பால் கால்வாய். கால்வாயோரம் நின்ற மரம் ஒன்று பட்டுப்போய், வெட்டிச் சாய்த்தும் தூக்கிப்போக ஆளில்லாமல் அங்கேயே கிடந்தது. மாஸ்டர் படியில் உட்கார்ந்து அந்த மரத்தைப் பார்த்தபடி தேநீர் குடிப்பார். தேநீர் என்றால் சூடான இனிப்புத் தண்ணீர், அவருக்கு.

மழை விட்ட ஒரு நாள், மரத்தின் பக்கவாட்டில் வெள்ளையாக என்னவோ முளைத்திருந்தது. அருகே போய்ப் பார்த்தார். பாதியாக உடைத்த சாசர்களை வரிசையாகச் செருகி வைத்ததுபோல் இருந்தன. தண்டும் இல்லை, குடையும் இல்லை. மேலே தடவினால் பூனைக்குட்டியின் காதைப்போல மெத்தென்றிருந்தது. அழுத்தினால் கெட்டி.

காளான் என்று தெரிந்தது. என்ன காளான் என்று தெரியவில்லை. முப்பது வருஷம் அடுப்படியில் நின்றவருக்கு இது என்ன, வேகுமா, வேகாதா என்ற கேள்வி வராமல் இருக்குமா? ஒன்றைப் பிய்த்தெடுத்து, சாப்பிடுவதற்காக இல்லை, வேகிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் ஒரு பழைய சட்டியில் போட்டு, ஸ்டோரில் இருந்த கரண்ட் அடுப்பில் கொதிக்கவைத்தார். அரைமணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. கத்தி இறங்கவில்லை.

சின்ன மாஸ்டர் எட்டிப் பார்த்தான். "என்ன மாஸ்டர், செருப்புக்கு அடித்தோல் போடப் போறீங்களா?"

"பேரு தெரியணும்ப்பா."

"பேரு தெரிஞ்சா வெந்துடுமா?"

வேகாதுதான். ஆனாலும் தெரியவேண்டும் போலிருந்தது. காய்ச்சலுக்கு அப்புறம் எந்தப் பொருளும் அவரை வா என்று கூப்பிட்டதில்லை. இது கூப்பிட்டது. கண்ணுக்கும் விரலுக்கும் வேலை கொடுக்கிற பொருள், மூக்கைக் கேட்காத பொருள் என்று நினைத்துக்கொண்டார்.

மகளிடம் போனில் சொன்னார். அவளுக்கு ஆச்சரியம். அப்பா எதைப் பற்றியும் இவ்வளவு நேரம் பேசியதில்லை. காளான்களைப் பார்த்துப் பெயர் சொல்கிற வாட்ஸப் குழு ஒன்று இருக்கிறது என்று தேடிப்பிடித்து அதில் அவரைச் சேர்த்துவிட்டாள். குழுவை நடத்தியவர் ஒரு பல் டாக்டரம்மா. ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் குரல் செய்தியாகப் பதில் அனுப்புவார். பின்னணியில் பல் குடைகிற மிஷின் சத்தம் கேட்கும்.

மாஸ்டர் அனுப்பிய படத்துக்கு உடனே பதில் வந்தது. "எல்லாரும் மேல மட்டும்தான் படம் எடுக்கறீங்க. மேல பார்த்தா எல்லாமே ஒண்ணு போலத்தான் இருக்கும். திருப்பிப் போடுங்க சார். அடியில வழவழன்னு இருக்கா, மடிப்பு மடிப்பா இருக்கா, ஓட்டை ஓட்டையா இருக்கா? குறுக்கே வெட்டினா உள்ளே என்ன நிறம்? எந்த மரம்? வாசனை என்ன?"

மாஸ்டருக்கு உற்சாகம் பிறந்தது. திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகத் துளைகள், மெல்லிய சல்லடைபோல. வெட்டினார், உள்ளே வெள்ளை. என்ன மரம் என்று தோட்டக்காரரைக் கேட்டார். கிரிக்கெட் மட்டை செய்கிற மரத்துக்குத் தம்பி முறை என்றார் அவர். நீர்க்கரையில்தான் நன்றாக வருமாம். எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார். கடைசிக் கேள்வியில் வந்து நின்றது.

வாசனை.

காளானை முகத்தருகே கொண்டுபோய் ஆழமாக இழுத்தார். நெஞ்சில் காற்று நிறைந்தது. வேறு ஒன்றும் இல்லை. "வாசனை எதுவும் இல்லை" என்று எழுதினார். பொய் இல்லையே, என் மூக்குக்கு இல்லைதானே என்று தனக்குள் வாதாடிக்கொண்டே அனுப்பினார்.

டாக்டரம்மா ஒரு பெயரைச் சொன்னார். வாயில் நுழையாத நீளப் பெயர். செத்த மரத்தில் வளர்வது, வெள்ளை, அடியில் துளை, வாசனை கிடையாது, சாப்பிட உதவாது, எல்லாம் பொருந்துகிறது என்றார். படம் நன்றாக இருக்கிறதென்று குழுவின் படத்தொகுப்பிலும் அதே பெயரில் சேர்த்துவிட்டார். மாஸ்டர் அந்தப் பெயரை மூன்று நாள் வாய்க்குள் உருட்டி மனப்பாடம் செய்தார். மூட்டை இறக்க வந்தவர்களை எல்லாம் பின்கதவுக்குக் கூட்டிப்போய், "பார்த்தீங்களா? இதுக்கு இப்படி ஒரு பேரு" என்று காட்டினார்.

அடுத்த மழைக்குப் புதிதாகச் சில முளைத்தன. நல்ல வெள்ளையாக ஒன்றைப் பிடுங்கி, தாளில் சுற்றி, மனைவிக்குக் காட்டுவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தார். டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

சாயங்காலம் கண்டக்டரம்மா டியூட்டி முடிந்து வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே நின்றுவிட்டாள்.

"ஏங்க, சோம்பைக் கொட்டிட்டீங்களா?"

"என்ன சோம்பு?"

"வீடு முழுக்க மணக்குதே!" அவள் பையைக்கூட இறக்காமல் மூக்கை நீட்டிக்கொண்டு நடந்தாள். அலமாரி, மேசை, கடைசியில் டிவி. தாளைப் பிரித்தாள். "இதுவா? அட, இதுலேருந்துதான் வருது. எவ்வளவு நல்லா இருக்கு! என்னங்க இது?"

மனப்பாடம் பண்ணிய பெயரைச் சொல்ல வந்த மாஸ்டர் காளானையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன முழிக்கறீங்க? மோந்து பாருங்க." அவர் மூக்கடியில் கொண்டுவந்து வைத்தாள். அவர் மூச்சை இழுத்தார். அந்த முகத்தை அவள் பார்த்தாள். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனை முகத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவள்.

"உங்களுக்குத் தெரியலையா?"

"சளி."

"சளியா?" அவள் உள்ளே போனாள். அப்போதுதான் கழற்றிய யூனிஃபார்ம் சட்டையோடு வந்து, சுருட்டி அவர் முகத்தில் வைத்து அழுத்தினாள். "இது? காலையிலேருந்து ஊர் வேர்வை முழுக்க இதுலதான் இருக்கு. நாலு வீடு தள்ளி நிக்கறவன்கூட மூக்கைப் பொத்துவான். சொல்லுங்க, இது தெரியுதா?"

மாஸ்டர் சட்டைக்குள் முகத்தை வைத்தபடியே தலையை ஆட்டினார். இல்லை என்று.

அவள் அப்படியே எதிரில் உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு அவரால் மறைக்க முடியவில்லை. காய்ச்சல், தீய்ந்த பால், லைட்டர் எல்லாவற்றையும் சொன்னார். லைட்டர் என்றதும் அவள் முகம் வெளுத்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப முழங்கால்?"

"முழங்காலுக்கு ஒண்ணுமில்ல."

"நான் தினம் தேய்ச்ச எண்ணெய்?"

"அது நல்லாத்தான் இருந்தது."

கோபத்தில் அவள் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக் குத்திய வேகத்தில் மூடி கழன்று சுவரில் போய் அடித்தது. "நின்னு நின்னு என் கால்தான் வீங்கிக் கிடக்கு! அதை யாரு தேய்ச்சாங்க? நான் என்ன இளிச்சவாயா? சின்ன மாஸ்டருக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக்கூடாதா? கெட்டுப்போனதைக் குடிச்சிட்டு எலுமிச்சம்பழமான்னு கேட்டீங்களே, ஏதாவது ஆகியிருந்தா?"

அவர் கீழே கிடந்த மூடியை எடுத்துப் பாட்டிலில் திருகினார். அவளும் ஓய்ந்தாள். தட்டு வைத்தாள், இருவரும் சாப்பிட்டார்கள். நல்லாருக்கு என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள், இப்போது தணிந்த குரலில்.

"என்னன்னு சொல்றது கண்டக்டர்? முன்னெல்லாம் கண்ணை மூடிட்டுப் படுத்திருந்தாலும் நீ வீட்டுக்குள்ள வந்தா தெரியும். டீசல், சில்லறை, அந்த டிக்கெட் காகிதம்... இப்ப கதவு சத்தம் கேட்டாத்தான் தெரியுது. இதை எப்படிச் சொல்றது?"

அவள் எச்சில் கையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்க் கை கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

மறுவாரம் அவரை மூக்கு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வரலாம், வராமலும் போகலாம், நாளாகும், வீட்டில் தினமும் சில வாசனைகளை நினைவுபடுத்திக்கொண்டு மோந்து பழகுங்கள் என்றார் அவர். வேறு வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை.

அந்தக் காளான் விஷயத்தை அவர் மறந்தாலும் அவள் விடுவதாக இல்லை. "அந்தப் பல் டாக்டரம்மாகிட்ட வாசனை இல்லைன்னு சொல்லிவச்சிருக்கீங்க. அதை அவங்க நாலு பேர் பார்க்கப் போட்டிருக்காங்க. திருத்துங்க."

"ஒரு காளானுக்குப் போய்..."

"ஒரு டிக்கெட்டுக்குப் போய்னு நான் விட்டா என் வேலை என்ன ஆகும்?"

மாஸ்டர் போனை வாயருகே வைத்துக்கொண்டு பேசினார். அறையில் மனைவி நின்றதால் சுற்றி வளைக்க முடியவில்லை. "மேடம், நான் அனுப்பினதுல ஒண்ணு தப்பு. அதுக்கு வாசனை இருக்கு. சோம்பு வாசனையாம். என் வீட்டுல சொன்னாங்க. எனக்கு மூக்கு வேலை செய்யாது. சொல்ல வெட்கமா இருந்தது."

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவே நேரடியாகக் கூப்பிட்டார். மிஷின் சத்தம் இல்லை.

"தப்பு என் மேலயும் இருக்கு சார். மோந்து பார்த்தீங்களான்னு கேட்டேன். மோக்க முடியுமான்னு கேட்கலை. சோம்புன்னா அது வேற ஆளு. புதுசா முளைச்சதுலதான் அந்த மணம் தூக்கலா இருக்கும். ஆனா வாசனையை மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாது. அந்தத் துளையை நல்லா கிட்டத்துல பார்த்துச் சொல்லுங்க. வட்டமா இருக்கா, இல்ல நீளவாக்குல பிளந்த மாதிரி இருக்கா?"

மாஸ்டர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். துளைகள் ஏறக்குறைய வட்டம்தான். முதலில் எட்டி நின்று எடுத்த படத்தில் அது தெரிந்திருக்கவில்லை.

"அப்ப சரியாப் போச்சு. நீர்க்கரை மரம், வட்டத் துளை, சோம்பு வாசனை. பேரை மாத்திடறேன்." அவர் சொன்ன புதுப் பெயரும் நீளம்தான்.

"ஒரு சந்தேகம் மேடம். இவ்வளவு மணம் இருந்தா, சமையல்ல..."

"மணம் மட்டும்தான் சார். கடிச்சா பல்லு கழண்டுடும். அப்புறம் என்கிட்டதான் வரணும்."

பக்கத்தில் நின்ற கண்டக்டரம்மா சத்தமாகச் சிரித்தாள். மாஸ்டரும் சிரித்தார். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டுக் கொஞ்ச நாளாகியிருந்தது.

மேனேஜரிடமும் உண்மையைச் சொன்னார். மேனேஜர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர், "கேஸ் பக்கம் மட்டும் போகாதீங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, ஸ்டோரிலேயே இருக்கச் சொன்னார். மூக்கு இன்றுவரை திரும்பவில்லை. சில நாள் காலையில் எங்கோ தூரத்தில் புகை மாதிரி ஒன்று வந்து தொட்டுவிட்டுப் போகும். அது நிஜமா, மூளை காட்டும் வித்தையா என்று அவருக்குத் தெரியாது. கேன்டீன் பக்கம் போகும்போது இப்போதும் வலி இருக்கிறது. வெங்காயம் வதங்குகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வேகமாக நடந்துவிடுவார்.

ஆனால் அவள் விடுமுறை நாட்களில் இருவரும் கால்வாயோரமாகப் போகிறார்கள். அவர் பட்ட மரங்களைத் தேடுவார், காளானைத் திருப்பிப் பார்ப்பார், தடவுவார், வெட்டுவார். அவள் மோந்து பார்ப்பாள். அவள் சொல்லும் வாசனைகள் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. "நனைஞ்ச மழைக்கோட்டு." "கடைசி சீட்டுக்கு அடியில ரெண்டு நாள் கிடந்த வாழைப்பழத் தோல்." அவர் ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே குழுவுக்கு அனுப்புவார்.

போன மாதம் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு வக்கீல், அவள் சொன்ன ஒரு வாசனையை மறுத்து எழுதிவிட்டார். அந்தக் காளானுக்குப் பச்சை வெள்ளரிக்காய் வாசனை வராதாம். தன் ஊர் மரத்தில் இருப்பதை மோந்து பார்த்தாராம், வெறும் ஈரக்கட்டை வாசனைதானாம்.

"எந்த ஊரு அவருக்கு?" என்று கேட்டாள் கண்டக்டரம்மா.

மாஸ்டர் ஊரைச் சொன்னார். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

"நாளைக்கு எனக்கு லீவு. கிளம்புங்க. அந்த மரத்தை நானே மோந்து பார்த்துட்டு வரேன்."

"ஒரு காளானுக்குப் போய்..." என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, கத்தியையும் கண்ணாடியையும் எடுத்துப் பையில் வைத்தார்.

மறுநாள் காலை வெளியூர்ப் பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் பின்வரிசையைக் கவனிக்காமல் விட்டுப்போனதைப் பார்த்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, "தம்பி, கடைசி சீட்டுல ரெண்டு பேரு எடுக்கலை!" என்று கத்தினாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் தனக்கு யாரையும் தெரியாததுபோல் ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.